பிரிண்டரில் தொடங்குங்கள்: சேலத்துக் கடைக்கும் வீட்டுக்கும் லினக்ஸ்

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் தந்துவந்த இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. தனிநபர்களுக்கு ஒரு நீட்டிப்பு உண்டு, அதுவும் 2026 அக்டோபர் வரைதான். விண்டோஸ் 11-க்குத் தாவலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும், இன்டெல் பிராசசர் என்றால் 8-ஆம் தலைமுறையாவது வேண்டும். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கடைகளிலும் லீ பஜார் மண்டிகளிலும் பில் போடும் மேசையில் 4-ஆம் தலைமுறை ஐ3 இன்னும் சாதாரணமாக ஓடிக்கொண்டிருக்கிறது. பழுதில்லாத பெட்டியை எடைக்குப் போட யாருக்கும் மனசு வராது. விண்டோஸுக்குப் பதிலாகப் பழைய கணினியிலும் போடக்கூடிய இலவச இயங்குதளம் லினக்ஸ். அதனால்தான் இப்போது எல்லாரும் கேட்கிறார்கள்: "எந்த லினக்ஸ் போடலாம்?"

அந்தக் கேள்விக்குக் கடைசியில்தான் பதில் சொல்ல வேண்டும். மின்ட், உபுண்டு என்று லினக்ஸில் பல வகைகள் உண்டு, டிஸ்ட்ரோ என்பார்கள். மின்ட்டா உபுண்டுவா என்ற வாக்குவாதம் சுவையானது, ஆனால் ஒரு கடையில் லினக்ஸ் நிலைக்குமா என்பதை அது தீர்மானிப்பதில்லை. கணினியின் பின்பக்கம் செருகியிருக்கும் கேபிள்களும், மாதக் கடைசியில் ஃபைல் கேட்கும் ஆடிட்டரும்தான் தீர்மானிக்கிறார்கள். ஆகவே முதல் வேலை, ஒரு தாளில் எழுதுவது: என்ன பிரிண்டர், என்ன தராசு, என்ன கேமரா, எந்த மென்பொருள், யாருக்கு எந்த வடிவத்தில் ஃபைல் போகிறது.

பிரிண்டரில் தொடங்குவோம், ஏனென்றால் லினக்ஸுக்கு மாறியவர்கள் திரும்பி ஓடுவது பெரும்பாலும் இதனால்தான். நம் ஊரில் எங்கு பார்த்தாலும் இருக்கும் கேனான் எல்பிபி 2900 லினக்ஸுக்கு ஒத்துவராத பிரிண்டர். அது 'கேப்ட்' என்ற கேனானின் சொந்த மொழியில் பேசுகிறது. கேனான் தந்த லினக்ஸ் டிரைவர் பழையது, 32-பிட் கோப்புகளை நம்பியிருப்பது. பின்னணியில் ஒரு நிரல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பிரிண்டரை அணைத்துப் போட்டால் அது தொடர்பை இழந்துவிடும், அடுத்த பக்கம் வராது. "வேறொரு விண்டோஸ் கணினியில் மாட்டி ஷேர் செய்துகொள்ளுங்கள்" என்று யோசனை சொல்வார்கள். அதனாலும் தீராது. பக்கத்தை பிரிண்டரின் மொழிக்கு மாற்றும் வேலை அனுப்புகிற கணினியில் நடப்பதால் அங்கும் அதே டிரைவர்தான் தேவைப்படும். பிடிஎஃப் ஆக்கி, ஷேர் செய்த ஃபோல்டரில் போட்டு, விண்டோஸ் மேசையிலிருந்து பிரிண்ட் எடுக்கலாம். நாளைக்கு நாலு பக்கம் என்றால் சரி, நாற்பது பில் என்றால் ஆகாது.

எச்பி 1020, எம்1005 இரண்டும் வேறு வகைத் தொல்லை. 1020-இன் ஃபர்ம்வேர், அதாவது பிரிண்டரை இயக்கும் உள்நிரல், பிரிண்டருக்குள் நிலையாக இருப்பதில்லை. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கணினிதான் ஏற்றிவிட வேண்டும். இரண்டுக்கும் எச்பிஎல்ஐபி என்ற லினக்ஸ் டிரைவர் தொகுப்போடு எச்பியின் தனி பிளகினையும் இறக்க வேண்டும். பிளகினின் பதிப்பும் எச்பிஎல்ஐபி பதிப்பும் ஒன்றாக இருப்பது கட்டாயம். 'நேற்றுவரை ஓடியது, அப்டேட் போட்டதும் நின்றுவிட்டது' என்ற புகாரில் முக்கால்வாசி இதுதான்: ஒன்று ஏறிவிட்டது, மற்றது பழசாகவே நிற்கிறது. பிளகினை மறுபடி இறக்கினால் ஓடும்.

எப்சன் எல் வரிசை இங்க்டேங்க் பிரிண்டர்களுக்குத் திறந்த மூல டிரைவர் தொகுப்பிலேயே இருக்கிறது, அலட்டிக்கொள்ள வேண்டாம். பிரதர் கருப்பு வெள்ளை லேசர்களில் பலவற்றுக்கு 'பிஆர்லேசர்' போதும். புதிதாக வாங்குவதானால் அட்டைப்பெட்டியில் 'ஏர்பிரிண்ட்' என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். ஐபோனுக்காகப் போட்ட வார்த்தைதான், ஆனால் அது இருந்தால் லினக்ஸில் டிரைவரே வேண்டாம்.

மண்டிகளில் இன்னும் 'கிர்ர்' என்று ஓடும் டிவிஎஸ் டாட் மேட்ரிக்ஸ் எப்சனின் 9-பின் மொழியைப் புரிந்துகொள்ளும். பொதுவான 9-பின் டிரைவரைக் கொடுத்தால் பில் வரும், ஆனால் எழுத்தைப் படமாக வரைவதால் ஆமை வேகம். வேகம் வேண்டுமென்றால் பில்லிங் மென்பொருள் வெறும் எழுத்தாக அனுப்ப வேண்டும். அப்போது தமிழ் வராது, ஆங்கிலம்தான். பாதித் தாள் பில்லுக்கு 10-க்கு 6 அங்குலம் என்று தாள் அளவைத் தனியாக உருவாக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு பில்லுக்கும் வெற்றுத் தாள் ஒன்று சேர்ந்து ஓடும்.

அடுத்து தராசு. சிவதாபுரம், பனங்காடு பக்கத்துக் கொலுசுப் பட்டறைகளில் எடையைக் கையால் தட்டாமல் நேராக பில்லுக்கு இழுப்பவர்கள் உண்டு. தராசின் பின்னால் 9-பின் சீரியல் போர்ட். அதிலிருந்து யுஎஸ்பிக்கு ஒரு மாற்றி. அந்த மாற்றிக்குள் இருப்பது சிஎச்340, பிஎல்2303, எஃப்டிடிஐ ஆகியவற்றில் ஒரு சிப்பாகத்தான் பெரும்பாலும் இருக்கும். மூன்றுக்கும் டிரைவர் லினக்ஸின் மையமான கர்னலிலேயே இருக்கிறது. செருகியதும் 'டிடிஒய்-யுஎஸ்பி-0' என்ற பெயரில் போர்ட் தோன்ற வேண்டும்.

தோன்றாவிட்டால், அல்லது தோன்றி மறைந்தால், அதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. பார்வையற்றோர் பயன்படுத்தும் பிரெயில் கருவிகளுக்கான 'பிஆர்எல்டிடிஒய்' என்ற சேவை உபுண்டு 22.04-லும் அதை ஒட்டிய வெளியீடுகளிலும் சிஎச்340 சிப்பைத் தன் கருவி என்று நினைத்துப் பிடுங்கிக்கொள்கிறது. கடையில் பிரெயில் கருவி இல்லையென்றால் அந்தத் தொகுப்பை நீக்கிவிட்டு மாற்றியைக் கழற்றிச் செருகினால் போதும். போர்ட் தெரிந்தும் 'அனுமதி இல்லை' என்று வந்தால் பில் போடும் பயனரை 'டயல்அவுட்' குழுவில் சேர்த்து, வெளியேறி மறுபடி உள்ளே வர வேண்டும். எடைக்குப் பதில் குப்பை எழுத்து வந்தால் வேகம் பொருந்தவில்லை. 9600 முதலில் பாருங்கள், பிறகு 2400, 4800. ஒன்றுமே வராவிட்டால் தராசின் மெனுவில் 'பிரிண்ட் பட்டன் அழுத்தினால் மட்டும் அனுப்பு' என்றிருக்கிறதா பாருங்கள், 'தொடர்ந்து அனுப்பு' என்று மாற்றுங்கள். உலாவியில் ஓடும் பில்லிங் என்றால் இன்னொன்று: ஸ்னாப், பிளாட்பேக் வடிவில் இறக்கிய உலாவி கூண்டுக்குள் ஓடுவதால் போர்ட் எட்டாமல் போகலாம். குரோமை டெப் கோப்பாகவே போடுங்கள்.

பார்கோடு ஸ்கேனருக்கு எதுவும் வேண்டாம், அது தன்னைக் கீபோர்டு என்றே சொல்லிக்கொள்ளும். சிசிடிவிக்கு டிவிஆர் கம்பெனி தரும் மென்பொருளை மறந்துவிட்டு, கேமரா படம் நெட்வொர்க்கில் வரும் ஆர்டிஎஸ்பி முகவரியை விஎல்சி பிளேயரில் கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலான பெட்டிகள் 554 போர்ட்டில் படம் தரும்.

இனி டேலி. டேலிபிரைம் விண்டோஸ் மென்பொருள், லினக்ஸுக்கு வெளியிடப்படவில்லை. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் 'ஒயின்' கருவியில் ஓடுகிறது என்று காட்டுவோர் உண்டு. வீட்டில் பழகிப் பார்க்கலாம். வருஷக் கணக்கை அதை நம்பி வைக்க நான் சொல்லமாட்டேன். ஜிஎன்யுகாத்தா, ஈஆர்பிநெக்ஸ்ட் போன்ற திறந்த மூலக் கணக்கு மென்பொருள்கள் இருக்கின்றன, ஈஆர்பிநெக்ஸ்ட் நன்றாகவே இருக்கிறது. ஆனால் உங்கள் ஆடிட்டர் டேலி டேட்டாதான் கேட்பார். அவரிடம் முதலில் பேசாமல் கணக்கை மாற்றினால் மார்ச்சில் இரண்டு முறை எழுத வேண்டிவரும்.

நடைமுறையில் தாங்குவது கலப்பு ஏற்பாடுதான். நாலு மேசை உள்ள கடையில் ஒன்றை மட்டும் முறையான உரிமத்தோடு விண்டோஸ் 11-இல் வையுங்கள். டேலி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், வருமான வரியின் மேக்ரோ வைத்த எக்ஸெல் கோப்புகள் எல்லாம் அதில். அந்த மேக்ரோக்கள் லிப்ரே ஆபீஸில் சரியாக ஓடாது, முயன்று நேரத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். மற்ற மூன்று மேசைகளின் வேலை, அதாவது ஜிஎஸ்டி தளம், இ-வே பில், வாட்ஸ்அப் வெப், மெயில், கடிதம், எல்லாம் உலாவியிலும் லிப்ரே ஆபீஸிலும் முடிந்துவிடும். அங்கிருந்து எப்போதாவது டேலியைப் பார்க்க வேண்டுமென்றால் ரெம்மினா என்ற தொலைத்திரைச் செயலி மூலம் விண்டோஸ் மேசைக்குள் நுழையலாம். அதற்கு விண்டோஸ் புரோ பதிப்பு வேண்டும், ஹோம் பதிப்பு உள்ளே விடாது. புரோவிலும் ஒரு நேரத்தில் ஒருவர்தான். நீங்கள் நுழைந்தால் அங்கே உட்கார்ந்திருப்பவரின் திரை பூட்டிக்கொள்ளும். சண்டை வரும், முன்பே பேசிவையுங்கள்.

ஒரே கணினிதான் இருக்கிறது, டேலியும் வேண்டும் என்றால் லினக்ஸுக்குள்ளேயே மென்பொருளால் ஆன இன்னொரு கணினி போல ஓடும் மெய்நிகர் இயந்திரத்துக்குள் விண்டோஸ் ஓட்டலாம். 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் இல்லாமல் அதைத் தொட வேண்டாம். உள்ளே ஓடும் விண்டோஸுக்கும் உரிமம் வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

சில இடங்களில் லினக்ஸ் வேண்டாம் என்று நேராகச் சொல்லிவிடலாம். கைரேகைக் கருவி வைத்து ஆதார் சேவை செய்யும் இ-சேவை மையம், டாங்கிள் மாட்டி ஓடும் ஜக்கார்டு டிசைன் மென்பொருளை நம்பியிருக்கும் இளம்பிள்ளைத் தறிக்காரர், கோரல்டிராவிலேயே பத்து வருஷ டிசைன் வைத்திருக்கும் ஃபிளெக்ஸ் கடை. இன்க்ஸ்கேப் கோரல் கோப்பைத் திறக்கும்தான், திறந்ததும் எழுத்தும் நிழலும் இடம் மாறிக் கிடக்கும். கல்லூரி மாணவர்களில் சி, பைத்தான், வெப் என்று போகிறவர்களுக்கு லினக்ஸ் விண்டோஸை விட வசதி. மெக்கானிக்கல், சிவில் மாணவருக்கு சாலிட்ஒர்க்ஸ், ஆட்டோகேட் வேண்டும், இரண்டும் லினக்ஸுக்கு இல்லை. வளாகத் தேர்வுகளில் கண்காணிப்பு மென்பொருள் விண்டோஸைத்தான் கேட்கிறது என்பதும் நினைவில் இருக்கட்டும். அவர்களுக்கு இரண்டும் சேர்ந்த டூயல் பூட் நல்லது.

தமிழ் விஷயத்தில் லினக்ஸ் யாருக்கும் சளைத்ததில்லை, ஆனால் இரண்டு இடத்தில் சறுக்கும். முதலாவது, தட்டச்சு. கீபோர்டு லேஅவுட் பட்டியலில் 'தமிழ்நெட் 99' என்று ஒன்று கண்ணில் படும். அதைச் சேர்த்துவிட்டு 'அம்மா' என்று அடித்தால் 'அமமா' என்று வருகிறதே, புள்ளி தானாக விழவில்லையே என்று குழம்புவார்கள். அந்த லேஅவுட் ஒரு விசைக்கு ஒரு எழுத்து மட்டுமே தரும், முன்னால் என்ன அடித்தோம் என்று பார்க்காது. தமிழ்99-இன் உண்மையான சுகம் வேண்டுமென்றால் 'ஐபஸ்-எம்17என்' தொகுப்பைப் போட்டு, உள்ளீட்டு முறை அமைப்பில் ஐபஸைத் தேர்ந்து, ஒருமுறை வெளியேறி வந்து, தமிழ்99-ஐ அங்கிருந்து சேர்க்க வேண்டும். 'அம்மா'வை ஆங்கில எழுத்தில் 'ammaa' என்று அடிக்கப் பழகியவர்களுக்கு ஃபொனெடிக்கும் அங்கேயே இருக்கிறது.

இரண்டாவது, எழுத்துரு. விண்டோஸில் லதாவில் அடித்த ஒரு பக்க மனு லினக்ஸில் திறந்தால் வேறு எழுத்துருவில் விழும், வரி நீளும், கையெழுத்து மட்டும் இரண்டாம் பக்கத்துக்குப் போகும். விண்டோஸிலும் லினக்ஸிலும் ஒரே திறந்த எழுத்துருவை வைத்துக்கொள்வதுதான் வழி: நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், அல்லது தமிழ் இணையக் கல்விக்கழகம் வெளியிட்ட டிஏயு-மருதம். எழுத்துருக் கோப்பை வலது சொடுக்கித் திறந்து இன்ஸ்டால் கொடுத்தால் ஆயிற்று. பாமினி என்ற பழைய எழுத்துருவில் கிடக்கும் கல்யாணப் பத்திரிகைகளை யூனிகோடாக மாற்றக் கருவிகள் உள்ளன. மாற்றிய பிறகு மெய்ப்பு பார்க்காமல் அச்சுக்கு அனுப்பினால் மாப்பிள்ளை பெயரே மாறிப்போகும்.

இவ்வளவும் தாளில் எழுதிய பிறகு டிஸ்ட்ரோவைத் தேர்வது ஐந்து நிமிட வேலை. மேசைக் கணினிக்கு லினக்ஸ் மின்ட் 22 வரிசை. உபுண்டு 24.04 மேல் கட்டப்பட்டது, 2029 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. விண்டோஸில் பழகியவருக்கு ஸ்டார்ட் மெனுவும் கீழ்ப்பட்டையும் பழைய இடத்திலேயே இருக்கும். 8 ஜிபி ரேம் இருந்தால் சின்னமன், 4 ஜிபி என்றால் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. கடையின் ஃபைல்களைப் பொதுவில் வைக்கும் சர்வருக்கு டெபியன் 13. 2025 ஆகஸ்டில் வந்தது, மொத்தம் 5 ஆண்டு தாங்கும். போன வாரம் வாங்கிய புத்தம் புது லேப்டாப்பில் வைஃபையோ ஒலியோ வேலை செய்யவில்லை என்றால் மட்டும் ஃபெடோரா, அதன் கர்னல் புதிது. ஆனால் ஃபெடோரா ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஏறத்தாழ 13 மாதம்தான் அப்டேட் தரும். அலுவலகத்தில் வருஷாவருஷம் அந்த வேலையை யார் பார்ப்பது? ஆர்ச் போன்றவை உங்கள் சொந்த லேப்டாப்பில் விளையாட, கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் கூடாது.

2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது பலருக்கு நினைவிருக்கும். சி-டாக் டெபியன் மேல் கட்டியது அது. இன்றைக்குத் தமிழ் வசதி எல்லாம் டெபியனிலேயே கிடைப்பதால் பாஸைத் தேடிப் போகத் தேவையில்லை. அந்த மடிக்கணினிகளில் 2 ஜிபி ரேம் மட்டும் இருப்பவற்றை எந்த லினக்ஸும் இளமையாக்காது. இயங்குதளம் 500 எம்பியில் அடங்கிவிடும், உலாவியில் நாலு டேப் திறந்ததும் மூச்சு முட்டும். ரேமை 4 ஆக்கி, பழைய ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு 256 ஜிபி எஸ்எஸ்டி போடுவதற்கான காசு, எந்த டிஸ்ட்ரோ மாற்றத்தையும் விடப் பலன் தரும்.

இன்ஸ்டால் செய்வதற்கு முன் பென்டிரைவிலிருந்தே லைவாக ஓட்டிப் பாருங்கள். ஒரு மணி நேரம் போதும்: வைஃபை, ஒலி, பிரிண்டர், தராசு, மூடித் திறந்தால் விழிக்கிறதா, எல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். சில லேப்டாப்களின் பிராட்காம் வைஃபைக்குத் தனி டிரைவர் வேண்டும், அதை இறக்க நெட் வேண்டும், நெட்டுக்கு வைஃபை வேண்டும். போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் போட்டால் இந்தச் சுழல் அறுந்துவிடும்.

டூயல் பூட் செய்பவர்கள் விண்டோஸில் முதலில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைக்க வேண்டும். இல்லையென்றால் விண்டோஸ் பாதித் தூக்கத்தில் இருக்கும், அதன் டிரைவில் லினக்ஸால் எழுத முடியாது. பிட்லாக்கர் மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள், புதிய லேப்டாப்களில் கேட்காமலே அது ஆன் ஆகியிருக்கும். இன்ஸ்டாலருக்கு டிஸ்கே தெரியாவிட்டால் பயாஸில் இன்டெல் ஆர்எஸ்டி இருக்கும், ஏஎச்சிஐக்கு மாற்ற வேண்டும். விண்டோஸை அதற்குத் தயார் செய்யாமல் மாற்றினால் விண்டோஸ் எழாது. எல்லாம் முடிந்தபின் ஒரு வினோதம் தலைகாட்டும்: லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு வந்தால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் நிற்கும். மதர்போர்டு கடிகாரத்தில் லினக்ஸ் கிரீன்விச் நேரத்தை எழுதும், விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று படிக்கும். காலை 10 மணிக்குப் போட்ட பில்லில் 4:30 என்று விழும். லினக்ஸை உள்ளூர் நேரத்தில் எழுதச் சொல்ல 'டைம்டேட்சிடிஎல்' கருவியில் ஒரே ஒரு வரி.

ஏற்காட்டுக் கதை வேறு. இருபது கொண்டை ஊசி வளைவுக்கு மேலே இருக்கும் எஸ்டேட் அலுவலகத்துக்கும் ஹோம்ஸ்டேவுக்கும் பிரச்சினை மென்பொருளில் இல்லை, மின்சாரத்திலும் நெட்டிலும்தான். கோடை இடிமழையில் கரன்ட் போய்வரும்போது ஈஎக்ஸ்டி4 கோப்பு முறை ஜர்னல் வைத்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளும், ஆனால் அந்த நொடியில் எழுதிக்கொண்டிருந்த கணக்கு போனது போனதுதான். இன்வெர்ட்டரில் யுபிஎஸ் முறை, சாதாரண முறை என்று ஒரு சுவிட்ச் இருக்கும். சாதாரண முறையில் மாறும் நேரம் அதிகம், அதற்குள் கணினி அணைந்து எழும். அந்த சுவிட்சைத் தள்ளாமல் லினக்ஸைக் குறை சொல்வோர் நிறைய. இடிக்கு லேன் போர்ட் போய்விட்டால் ரியல்டெக் சிப் உள்ள யுஎஸ்பி லேன் அடாப்டர் ஒன்றை மாட்டுங்கள், டிரைவர் தேடாமல் ஓடும்.

நெட் மொபைல் டேட்டாவை நம்பியிருக்கும் இடத்தில், மின்ட்டின் 3 ஜிபி அளவுள்ள ஐஎஸ்ஓவை சேலத்திலேயே இறக்கி, கோப்பு முழுசாக இறங்கியதா என்று காட்டும் செக்சம் எண்ணைச் சரிபார்த்து, பென்டிரைவில் எடுத்துப் போங்கள். பாதியில் அறுந்து இறங்கிய ஐஎஸ்ஓ இன்ஸ்டாலின் நடுவில்தான் காலை வாரும். மூன்று கணினிக்கு மேல் இருந்தால் ஒன்றில் 'ஆப்ட்-கேச்சர்-என்ஜி' போடுங்கள். ஒரு கணினி இறக்கிய அப்டேட்டை மற்றவை அதனிடமே வாங்கிக்கொள்ளும், டேட்டா மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகும். பிளாட்பேக்கை அங்கே தவிர்க்கலாம், சின்ன செயலிக்கும் பெரிய ரன்டைமை இழுத்துவரும்.

கடைசியாக மெக்கானிக். ஐந்து ரோட்டிலிருந்து வரும் தம்பிக்கு விண்டோஸ் தண்ணீர் பட்ட பாடு, லினக்ஸ் திரையைப் பார்த்ததும் "அண்ணா, ஃபார்மேட் போட்டுடலாமா?" என்பார். அவர் கைக்குக் கணினி போவதற்கு முன்னாலேயே ஹோம் பகுதியைத் தனிப் பிரிவாக வைத்திருங்கள். டைம்ஷிஃப்ட் என்ற கருவியை வாரம் ஒருமுறை ஸ்னாப்ஷாட் எடுக்கச் சொல்லுங்கள், கெட்டுப்போனால் பழைய நிலைக்குத் திரும்பலாம். ஆனால் அது காப்பது இயங்குதளத்தை மட்டும். உங்கள் கோப்புகளை அது தொடாது, அதற்கு வெளி டிஸ்கில் தனி பேக்அப் வேண்டும். கேபினட் பக்கவாட்டில் ஒரு தாளை ஒட்டிவிடுங்கள்: இது லினக்ஸ் மின்ட், டேட்டா எந்தப் பிரிவில், பேக்அப் எந்த டிஸ்கில், பிரிண்டருக்கு என்ன டிரைவர் போட்டது, ஃபார்மேட் செய்வதற்கு முன் யாருக்குப் போன் செய்ய வேண்டும்.